தென்காசியும் தீயணைப்புப் படையும்

தென்காசி ஜில்லாவில் தீயணைப்புப் படைக்கு வேண்டிய ஆட்களை நியமிப்பதற்கும், அவர்களுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுப்பதற்கும் மானியம் கேட்க வேண்டியது அவசியம் என்பதைப் பற்றி இவ்வாரம் எழுத முன்வந்திருக்கிறோம். சாதி ஒழிப்பு, மூடநம்பிக்கை ஒழிப்பு, பெண் விடுதலை ஆகியவைகளைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்கு நெருப்பணைக்கும் வண்டியிலும் குழாயிலும் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு மனிதனுடைய அறிவு எவ்வளவு தூரம் விடுதலை அடைந்திருக்கிறது என்பதை, ஆபத்து வந்த நேரத்தில் அவன் எதை நம்பி ஓடுகிறான் என்பதைக் கொண்டு அறியலாம். ஆபத்து இல்லாத காலத்தில் அவன் எதற்காகப் பணம் செலவு செய்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவன் ஓடுவது ஒரு பக்கமும் அவன் பணம் போவது வேறொரு பக்கமுமாய் இருப்பது தெரியவரும். இந்த முரண்பாட்டை நம் வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் நோக்கமாகும்.

குற்றாலத்தைப் பற்றி நம் ஜில்லாவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் கூடுகிறார்கள். இந்தக் கூட்டத்தை நம்பி மூங்கிலும் தகரமும் தார்ப்பாயும் கொண்டு கடைகள் முளைக்கின்றன. சிப்ஸ் வறுக்கிற அடுப்பும், பிளாஸ்டிக் சாமானும், எண்ணெய்ப் புட்டியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பேரருவிக்குப் போகிற வழியில், குற்றாலநாதர் கோயிலை அடுத்துப் போட்டிருந்த இத்தகைய கடைகள் தீப்பிடித்து வரிசையாய் எரிந்து போயின. அருவிக்குப் பேர்போன ஊரிலே, அருவிக்குப் பக்கத்திலேயே, ஏழை வியாபாரிகளின் முதல் சாம்பலாயிற்று. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத மலையடிவாரத்தில் இருந்துகொண்டும் தண்ணீர் தானாக நடந்து வந்து தீயை அணைக்கவில்லை. பக்கத்துக் கோயிலிலிருந்த சுவாமியும் எழுந்து வரவில்லை. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தீக்குள் போவதற்கு மனிதன்தான் வர வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம், 2024 மே 17-ந் தேதி, பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து, குளித்துக் கொண்டிருந்தவர்கள் தப்பித்து ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்த வெள்ளத்தைப் புண்ணிய தீர்த்தம் என்று எத்தனை தலைமுறையாய்ச் சொல்லி வந்திருக்கிறார்கள்! தீர்த்தத்துக்குப் பையனென்றும் பாவியென்றும் தெரியாது. மலைமேல் மழை பெய்தால் கீழே வெள்ளம் வரும் என்பதும், அது வருவதைக் கவனித்து முன்கூட்டிச் சொல்லவும், வந்தால் கயிறு போட்டு இழுக்கவும் பழகிய ஆட்கள் அங்கே நிற்க வேண்டும் என்பதும்தான் இதில் நாம் கற்க வேண்டிய பாடம். 2023 டிசம்பரில் தென் ஜில்லாக்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்களில் படகில் வந்து கிழவிகளையும் குழந்தைகளையும் தூக்கிச் சென்றவர்களில் தீயணைப்புப் படையினர் முக்கியமானவர்கள். அவர்களுடைய இலாகாவுக்கே இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் என்றுதான் பெயர். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், புயலில் சாய்ந்த மரத்தை அறுப்பதும், லாரிக்கடியில் சிக்கினவனை வெளியே எடுப்பதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

வைதீக சிரோமணிகளை நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டுக் கூரை பற்றினால் அக்கினி பகவானுக்குச் சாந்தி செய்ய உட்காருவீர்களா, 101-க்குப் போன் செய்வீர்களா? நல்ல பாம்பு புழக்கடையில் படமெடுத்தால் நாகராஜாவுக்குப் பால் வார்ப்பீர்களா, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்புவீர்களா? உங்களுடைய பதில் என்ன என்பது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகவே ஆபத்து நேரத்தில் எல்லாரும் பகுத்தறிவுவாதிகளே. ஆபத்து தீர்ந்த மறுநாள் காலையில்தான் பக்தி திரும்பி வருகிறது. வந்தவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வராத சுவாமிக்கு அபிஷேகம் செய்து வைக்கிறோம்.

இது வெறும் கேலிக்காகச் சொல்லுகிற விஷயமல்ல. நம்பிக்கை நெருப்பை அணைக்காதது மாத்திரமல்ல, சில சமயங்களில் நெருப்பிலிருந்து தப்ப முடியாமலும் செய்துவிடுகிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவின் அருளால் மனநோய் தீரும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கியிருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். 1997 ஜூன் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்காகப் போட்ட யாகசாலைப் பந்தல் பற்றி எரிந்து, நெரிசலிலும் நெருப்பிலும் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் எரிந்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றி 94 குழந்தைகள் எரிந்து போயின. இவர்களில் முஸ்லிம் தர்காவை நம்பினவர்கள் உண்டு, சிவன் கோயிலுக்குப் போனவர்கள் உண்டு, பெருமாள் ஊரிலே கல்யாணத்துக்கு வந்தவர்கள் உண்டு, ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தைகளும் உண்டு. எந்த மதமும் யாரையும் காப்பாற்றவில்லை. செத்தவர்களைப் பழிப்பது நமது எண்ணமல்ல. அவர்களைச் சாகவிட்ட ஏற்பாட்டைத்தான் பழிக்கிறோம். கூரை, குறுகிய மாடிப்படி, பூட்டிய கதவு, அடுப்புக்குப் பக்கத்தில் ஓலை ஆகியவைதான் இப்படிப்பட்ட சாவுகளுக்குக் காரணமாகின்றன. இவைகளை முன்னதாகவே போய்ப் பார்த்து, “இது கூடாது, இடித்து எடு” என்று சொல்ல ஆள் வேண்டும். தீயை அணைக்க மாத்திரமல்ல, தீ வராமல் தடுக்கவும் ஆள் வேண்டும்.

நிற்க. ஆள் என்றால் சம்பளம். சம்பளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினவுடன்தான் எல்லாருடைய வாயும் அடைத்துப் போகிறது.

டில்லி சர்க்கார் தீயணைப்புக்குப் பணமே கொடுப்பதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 15-வது நிதிக்குழுவின் சிபாரிசின்படி, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மாகாணங்களில் தீயணைப்பு வேலையை விரிவாக்கிப் புதுமைப்படுத்துவதற்கென்று 5,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2023 ஜூலையில் அத்திட்டத்தை ஆரம்பித்தார்கள். இதில் மலைநாட்டு மாகாணங்களும் வடகிழக்கு மாகாணங்களும் நீங்கலாக மற்ற மாகாணங்கள் தங்கள் பங்காக நூற்றுக்கு 25 வீதம் போட வேண்டும் என்பது நிபந்தனை. சரி, எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், புதிய நிலையங்கள் கட்டுவது, பயிற்சிக் கூடங்களைப் பலப்படுத்துவது, புதிய கருவிகள் வாங்குவது, தலைமை நிலையத்தையும் நகர நிலையங்களையும் சீர்படுத்துவது, கணினி வசதிகள் செய்வது ஆகிய இனங்கள் இருக்கின்றன. எல்லாம் வேண்டியவைதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிலையத்தில் இராத்திரி பன்னிரண்டு மணிக்கு விழித்திருக்கப் போகிறவனுடைய மாதச் சம்பளம் என்னும் இனம் அந்தப் பட்டியலில் இல்லை.

கட்டிடமும் வண்டியும் திறப்பு விழாவுக்கு லாயக்கானவை. மந்திரி வந்து ரிப்பன் வெட்டலாம், பத்திரிகையில் படம் வரும், கல்லில் பெயர் பொறிக்கலாம். மாதா மாதம் முதல் தேதி கொடுக்கிற சம்பளத்துக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. ஆனால் கட்டிடம் தீயை அணைக்காது. வண்டியும் ஆளில்லாவிட்டால் தேர்முட்டியில் நிற்கிற தேரைப் போன்றதுதான். தேரையாவது வடம்பிடித்து இழுக்க ஆயிரம் பேர் கூலியில்லாமல் வந்து சேருகிறார்கள். தீயணைப்பு வண்டிக்கு அந்த யோகமும் இல்லை.

எத்தனை ஆள் வேண்டும் என்பதை யாரும் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தீக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. ஆகையால் 168 மணியும் வண்டி தயாராயிருக்க வேண்டும். ஒரு மனிதன் வாரத்தில் 48 மணி நேரம் வேலை செய்வது நியாயம் என்று வைத்துக் கொண்டால், வண்டியில் ஒரு இடத்தை எப்போதும் காலியில்லாமல் வைத்திருக்க மூன்றரை ஆள் வேண்டும். டிரைவர் உட்பட ஆறு பேர் ஒரு வண்டிக்கு என்றால் 21 பேர் ஆகிறது. அவர்களுக்கும் ஜுரம் வரும், பெண்டாட்டிக்குப் பிரசவம் வரும், பயிற்சிக்குப் போக வேண்டி வரும். இவைகளையும் சேர்த்தால் 25 பேருக்குக் குறையாது. இதில் பாதிப் பேரை வைத்துக்கொண்டு வேலை நடத்தினால் என்ன அர்த்தம்? இருக்கிறவனை 48 மணிக்குப் பதில் இரட்டிப்பு நேரம் தூங்காமல் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அல்லது ஆறு பேர் போக வேண்டிய இடத்துக்கு மூன்று பேரை அனுப்புகிறோம் என்று அர்த்தம். புகைக்குள்ளே ஒருவன் போனால் அவனைக் கவனிக்க வெளியில் ஒருவன் நிற்க வேண்டும், குழாய் பிடிக்க ஒருவன், பம்பைப் பார்க்க ஒருவன். ஆள் குறைந்தால் செலவு மிச்சமாவதில்லை. அந்தச் செலவை யாரோ ஒருவன் தன் உயிரால் கொடுக்கிறான்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தை வேறு விதமாய்ப் பார்த்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் அந்தந்த ஊரே தன் தீயணைப்புப் படையை நடத்துகிறது. சிறிய ஊர்கள் வருமானம் போதாமல் ஆட்களைக் குறைத்துவந்ததைப் பார்த்து, 2003-ம் வருஷத்தில் சட்டம் செய்து, ஆள் வைப்பதற்கென்றே தனியாக ஒரு மானியத்தை மத்திய சர்க்கார் ஏற்படுத்தினார்கள். அதற்குச் ‘சேஃபர்’ மானியம் என்று பெயர். ஒரு ஊர் விண்ணப்பம் போட்டு, தன் ஊரில் எத்தனை பேர் குறைவு, அதனால் என்ன ஆபத்து என்று ருஜுப்படுத்தினால், புதிய ஆட்களின் சம்பளத்துக்கு மூன்று வருஷ காலத்துக்குப் பணம் கிடைக்கிறது. இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் முழுதும் நல்லதல்ல. மூன்று வருஷம் முடிந்த பிறகு அந்தச் சம்பளத்தை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்க முடியாவிட்டால் பழகிய ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆகையால் அதை நாம் அப்படியே காப்பியடிக்க வேண்டியதில்லை. ஆளுக்கே மானியம் என்கிற கொள்கையை எடுத்துக்கொண்டு, மூன்றாம் வருஷம் முடிந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நாம் சொல்வது.

அப்படியானால் யார் பொறுப்பு? இந்தக் கேள்வியில்தான் பெரிய கண்ணாமூச்சி நடக்கிறது. இந்திய அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையைப் புரட்டினால், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்கவை என்று சொல்லப்பட்ட 18 வேலைகளில் தீயணைப்பும் ஒன்று என்று எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டிலோ 1985-ம் வருஷத்துத் தீயணைப்புப் பணிச் சட்டத்தின்படி அது மாகாண சர்க்கார் நடத்துகிற இலாகா. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் போலீஸ்காரரையும் சிறைக் காவலரையும் தேர்ந்தெடுக்கிற சென்னைத் தேர்வு வாரியம்தான். ஆகவே முனிசிபாலிட்டியைக் கேட்டால் அது சென்னையின் வேலை என்று கை காட்டுவார்கள். சென்னையைக் கேட்டால் டில்லியிலிருந்து வரி பாகம் சரியாய் வரவில்லை என்று கை காட்டுவார்கள். டில்லியைக் கேட்டால் அரசியல் சட்டத்தைக் காட்டுவார்கள். எல்லாரும் வரி வாங்கும்போது மாத்திரம் கையைக் காட்டாமல் நீட்டுகிறார்கள்.

தீயணைப்பு பொதுவேலைதானா என்ற சந்தேகம் வெள்ளைக்காரர் நாட்டிலும் இருந்ததுண்டு. இலண்டனில் 1666-ம் வருஷம் பெரிய தீ ஏற்பட்டு நகரமே எரிந்த பிறகு, தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சொந்தத்தில் ஆள் வைத்துத் தீயணைத்தன. பணம் கட்டினவன் வீட்டுச் சுவரில் கம்பெனியின் உலோகத் தகடு பதித்திருக்கும். தகடு பதித்த சொத்தைக் காப்பதுதான் அந்தக் கம்பெனிப் படையின் முக்கிய வேலை. ஆனால் நெருப்பு தகட்டைப் படித்துப் பார்த்துப் பரவுவதில்லை. ஏழையின் குடிசை எரிந்தால் அடுத்த மாளிகையும் எரியும் என்ற உண்மை நாளடைவில் எல்லாருக்கும் புரிந்தது. எடின்பரோ நகரம் 1824-ல் ஊர்ப் பணத்தில் படை அமைத்தது. அதை நடத்திய ஜேம்ஸ் பிரெய்ட்வுட் பிறகு இலண்டனுக்குப் போய் வேலை செய்து, 1861-ல் தூலித் தெருவில் நடந்த பெருந்தீயில் சுவரிடிந்து மாண்டார். அதன் பிறகுதான் கம்பெனிகள் இது எங்களால் ஆகாது என்று கையை விரிக்க, 1866-ல் இலண்டன் படை பொதுவுடைமை ஆயிற்று. தனித்தனித் தகடு உதவாது, எல்லாரும் சேர்ந்து எல்லாருக்குமாகச் செலவு செய்ய வேண்டும் என்பதை அவர்கள் இவ்வளவு நஷ்டப்பட்டுக் கற்றார்கள். நாம் நஷ்டப்படாமலே கற்கலாம்.

நம் நாட்டில் அந்தத் தகட்டுக்குப் பதிலாய்ச் சாதி இருந்தது. சேரியில் தீப்பிடித்தால் தண்ணீருக்கு எங்கே போவது? ஊர்க்கிணற்றில் தொடக்கூடாது, குளத்தில் இறங்கக்கூடாது. எரிகிற குடிசையைப் பார்த்துக்கொண்டு நிற்பதே கதி என்றிருந்த காலம் நம் பாட்டன் காலம்தான். இன்று 101-க்குப் போன் வந்தால் எந்தத் தெரு என்று கேட்கிறார்களே தவிர என்ன சாதி என்று கேட்பதில்லை. அந்த வண்டியில் வருகிற ஆறு பேரும் ஆறு சாதியாயிருக்கலாம். ஒரே குழாயைத் தூக்குகிறார்கள், ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கிறார்கள். வீட்டுக்குள் சமையலறை வரையிலும் பூஜையறை வரையிலும் போகிறார்கள், தீட்டு என்று யாரும் தடுப்பதில்லை. பெண்களால் ஆகாத வேலை என்று சொல்லிவந்ததும் பொய்யாய்ப் போயிற்று. 2003-ம் வருஷத்தில் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் என்ற இரு பெண்கள் தமிழ்நாட்டுத் தீயணைப்புப் படையில் அதிகாரிகளாகச் சேர்ந்து தீக்குள் நின்று வேலை செய்து காட்டினார்கள். சுயமரியாதைக்காரர் விரும்புகிற சமுதாயம் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு, வேலைக்குப் புறப்படுகிற தீயணைப்பு வண்டியைக் காட்டலாம். அப்படிப்பட்ட படை ஆள் குறைந்து மெலிவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

பணமில்லை என்ற பதிலை இனிக் கவனிப்போம். மேலே சொன்ன 25 பேருக்குத் தலைக்கு மாதம் 40,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக் கொண்டால் மாதம் பத்து லட்சம், வருஷத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம் ஆகிறது. பெரிய தொகை போலத் தோன்றுகிறது. தென்காசி முனிசிபாலிட்டியின் ஜனத்தொகை 2011-ம் வருஷக் கணக்கின்படி 70,545. வகுத்துப் பார்த்தால் தலைக்கு வருஷத்தில் 170 ரூபாய், மாதம் 14 ரூபாய். ஒரு டீக்கு ஆகிற காசு. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துக் கொண்டால் டீயில் பாதிதான். இந்தக் காசு நம் ஊரில் இல்லையென்று சொல்வதை எப்படி நம்புவது?

பராக்கிரம பாண்டியன் கட்டிய தென்காசிக் கோயிலின் இராஜகோபுரம் வெகு காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. அதை ஒன்பது நிலைக் கோபுரமாகக் கட்டி முடித்து 1990-ல் குடமுழுக்குச் செய்தார்கள். 2025-ல் மறுபடியும் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் கட்டுவதற்குப் பணம் கேட்டபோது ஊரில் பணமில்லை என்று யாரும் சொல்லவில்லை. கோபுரத்தை இடிக்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. கல்தச்சனுடைய கைவேலையாக அது நிற்கட்டும். ஆனால் இப்போது பெரிய கோபுரங்களின் உச்சியிலும், மாதா கோயில் சிகரத்திலும், மசூதி மினாரிலும் இடிதாங்கி ஏன் வைக்கிறார்கள் என்று கேட்கிறோம். 1752-ம் வருஷத்தில் பெஞ்சமின் பிராங்ளின் மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று ஆராய்ந்து கண்டுபிடித்த அந்தக் கம்பி, சுவாமியின் தலைக்கு மேலே நின்று சுவாமியைக் காவல் காக்கிறது. சுவாமிக்குக் காவல் வைக்கும் புத்தி வந்தவர்களுக்கு, பக்தனுக்கும் காவல் வைக்கும் புத்தி வரக்கூடாதா? குற்றாலத்தில் கடைக்கு இடம் விட்டு வாடகை வாங்குகிறவர் யாராயிருந்தாலும், கோயிலாயிருந்தாலும் பேரூராட்சியாயிருந்தாலும் தனி ஆளாயிருந்தாலும், அந்த வாடகையில் ஒரு பங்கு அங்கே தீக்காவலுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆபத்தில் இலாபம் எடுப்பவர் ஆபத்தைத் தடுக்கிற செலவிலும் பங்கு எடுக்க வேண்டாமா?

மேலும் மானியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கைகட்டி நிற்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கோயிலில் வரம் கேட்டுப் பழகிய கை, கச்சேரியிலும் அப்படியே கும்பிடுகிறது. மானியம் பிச்சையல்ல. கடைக்காரன் கட்டுகிற விற்பனை வரியும், விவசாயி டீசலுக்குக் கொடுக்கிற வரியும், பீடி சுற்றுகிற பெண் வாங்குகிற சோப்புக்கு மேல் விழுகிற வரியும் சென்னைக்கும் டில்லிக்கும் போய், அங்கிருந்து நம்மிடத்துக்குத் திரும்பி வருகிற சொந்தப் பணமே மானியம். அதைக் கேட்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. கேட்காமலிருப்பதுதான் மானக்குறைவு.

ஆதலால் நாம் கீழ்க்கண்ட காரியங்களைச் செய்யும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

1. தென்காசி ஜில்லாவிலுள்ள ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்தின் வாசலிலும், அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, காலி எத்தனை என்று ஜனங்கள் படிக்கும்படி பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

2. மத்திய சர்க்கார் கொடுக்கும் தீயணைப்பு மானியத்தில், புது நிலையமும் வண்டியும் கொடுக்கிற இடங்களிலெல்லாம் அவைகளுக்கு வேண்டிய ஆட்களின் முதல் மூன்று வருஷச் சம்பளத்தையும் ஒரு இனமாகச் சேர்க்க வேண்டும். மூன்று வருஷத்துக்குப் பிறகு மாகாண சர்க்கார் அதை ஏற்பதாக முன்னதாகவே உத்தரவு போட வேண்டும்.

3. குற்றாலத்தில் சாரல் காலத்துக்கும் சபரிமலைக் காலத்துக்கும் வேறு நிலையங்களிலிருந்து ஆளைப் பிடுங்கி வைக்காமல், தனியாக ஆளும் வண்டியும் மீட்புக் கயிறும் வைக்க வேண்டும். இங்கே நிறுத்துவதற்காக வேறு நிலையத்திலிருந்து ஆளை எடுத்தால் அந்த ஊர் காவலில்லாமல் போகிறது.

4. இந்த ஆட்களைத் தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வைக்கக் கூடாது. நெருப்புக்குள் போகச் சொல்லுகிறவனிடம் நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ என்று சொல்வது மனிதத் தன்மையல்ல. இடஒதுக்கீட்டின்படி, பெண்களுக்கும் உரிய இடம் கொடுத்து, நிரந்தரமாய் நியமிக்க வேண்டும்.

5. வண்டி வந்து சேருகிற வரையில் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு ஊரிலும் பத்து இளைஞருக்காவது கற்பிக்க வேண்டும். இது சம்பளக்காரருக்குப் பதிலாக அல்ல, அவர்களுக்குத் துணையாக.

இவைகளுக்கு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2025-ம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் தீயணைப்பு விஷயங்களை ஆராய்வதற்காக ஒரு தீ ஆணையம் நியமித்தார்கள். அதற்கு எழுதலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருந்துவருகிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் யாரும் எந்த நிலையத்தில் எத்தனை இடம் காலி என்று கேட்கலாம், முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். மலையேறிப் போய்ச் சுவாமியிடம் கொடுக்கிற மனுவுக்குப் பதில் வரவேண்டிய கெடு எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை, இந்த மனுவுக்குக் கெடு இருக்கிறது. கிராமங்களில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதில் யாரோ எழுதிவைத்த தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், “எங்கள் ஊருக்குத் தீயணைப்பு வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும், அதில் எத்தனை பேர் வருவார்கள்?” என்று ஒரு தோழர் எழுந்து கேட்கட்டும். நகரவாசிகள் தங்கள் வார்டு கவுன்சிலரை இதே கேள்வி கேட்கட்டும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கோயில் திருப்பணிக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேட்கட்டும்.

1944 ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிவந்த கப்பல் தீப்பிடித்து வெடித்தபோது, தீயை அணைக்கப் போன 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 தீயணைப்பு நாளாக நடக்கிறது. அதே நாளில்தான் பெரும்பாலும் நம் பக்கத்தில் சித்திரை விஷு வருகிறது. விடிய எழுந்து தட்டில் வைத்த காசையும் பழத்தையும் கண்ணாடியையும் கண்டால் வருஷம் நன்றாயிருக்கும் என்று நம்புகிறோம். அந்தக் காலையில் பழகிய தோழர்கள் நாலு பேர் சேர்ந்து அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போய், அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்து வரட்டும். வருஷம் எப்படியிருக்கும் என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து தெரியும். குறைவாயிருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து மனுவை எழுதிவிட வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம்.